இருப்புக் கொள்ளாத உடல்: காலாட்டுவதும் நகம் கடிப்பதும் ஏன்?

க.பொ.த. (சாதாரண தரம்)
சுகாதாரமும் உடற்கல்வியும் – உளநலம்
துணை வாசிப்பும் பயிற்சியும்

இப்பகுதியைக் கற்ற பின்னர் உங்களால்,

• நாம் அறியாமலே செய்யும் சிறு அசைவுகள் எவை எனக் கூறவும்,
• அவற்றுக்கான உடல், உளக் காரணங்களை விளக்கவும்,
• ஒருவரின் அசைவைக் கொண்டு அவரைப் பற்றி முடிவு செய்வதிலுள்ள தவறை எடுத்துக்காட்டவும்,
• பரீட்சைக் காலப் பதகளிப்பைக் குறைக்கும் வழிகளைச் செய்து பார்க்கவும்

முடியும்.

1. அறிமுகம்

அன்பான மாணவர்களே,

இந்தப் பந்தியை வாசிக்கும்போது உங்கள் கால் ஆடிக்கொண்டிருக்கிறதா? கையில் உள்ள பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுகிறீர்களா? அப்படியாயின் இந்தப் பாடத்துக்கு வேண்டிய முதல் உதாரணம் உங்களிடமே இருக்கிறது.

காலாட்டுதல், நகம் கடித்தல், விரல்களை நெட்டி முறித்தல், மேசையில் தாளம் போடுதல், தலைமயிரைச் சுருட்டுதல், சட்டைப் பொத்தானைத் திருகுதல், வாங்கில் இப்படியும் அப்படியும் அசைந்து இருத்தல், கொப்பியின் ஓரத்தில் கோடு கீறுதல் ஆகியன யாவும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு மூன்று பொது இயல்புகள் உண்டு.

(அ) செய்துகொண்டிருக்கும் முக்கிய வேலைக்கு இவை தேவையற்றவை.
(ஆ) திரும்பத் திரும்ப நிகழ்பவை.
(இ) பெரும்பாலும் நாம் அறியாமலே நிகழ்பவை. பக்கத்தில் இருப்பவர் சொன்ன பின்னர்தான் நமக்கே தெரிய வரும்.

"காலாட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மம்மா ஏசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெரியவர்கள் முன் கால் ஆட்டுவது நம் ஊரில் மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. அந்த மரியாதையைக் காப்பது நல்லது. ஆனால் காலாட்டும் பிள்ளை மரியாதை தெரியாத பிள்ளை என்பதும், நகம் கடிக்கும் பிள்ளை கள்ளம் செய்த பிள்ளை என்பதும் சரியான முடிவுகளா? இதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

2. உடலின் உள்ளே நடப்பது என்ன?

விஞ்ஞான பாடத்தில் நரம்புத் தொகுதியையும் ஓமோன்களையும் கற்றிருக்கிறீர்கள். அதை இங்கே நினைவுபடுத்திக் கொள்ளுங்கள்.

ஆபத்து ஒன்று வருகிறது என மூளை உணர்ந்தவுடன் பரிவு நரம்புகள் தூண்டப்படுகின்றன. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அதிரீனல் சுரப்பிகள் அதிரினலினைக் குருதியில் சேர்க்கின்றன. இதனால்,

• இதயத் துடிப்பும் சுவாசமும் வேகமாகின்றன.
• தசைகளுக்குச் செல்லும் குருதி அதிகரிக்கிறது.
• உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது.
• சமிபாடு மந்தமாகிறது, வயிற்றைப் பிசைவது போல இருக்கிறது.
• தசைகள் இறுகுகின்றன, கை நடுங்குகிறது.

காட்டுப் பாதையில் யானையைக் கண்டவருக்கு இம்மாற்றங்கள் யாவும் உதவும். அவர் ஓடித் தப்ப வேண்டும். ஆனால் கணித வினாத்தாளைக் கண்ட மாணவனுக்கும் மூளை இதே ஆயத்தத்தைத்தான் செய்கிறது. ஓடுவதற்கு ஆயத்தமான உடலை மூன்று மணித்தியாலம் கதிரையில் இருத்தி வைத்தால் என்ன நடக்கும்? கால் ஆடும், கை எதையாவது தேடும். இது ஒழுக்கக் குறைவு அன்று, உடற்றொழிலின் விளைவு.

இதற்கு எதிரான வேலையைச் செய்பவை பரபரிவு நரம்புகள். இவை இதயத் துடிப்பைக் குறைத்து உடலை ஓய்வு நிலைக்குக் கொண்டு வருகின்றன. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இவற்றின் செயற்பாடு கூடுகிறது. இந்தக் கருத்தைப் பகுதி 6 இல் பயன்படுத்தப் போகிறோம்.

3. அசைவுகளுக்கான காரணங்கள்

காரணம் ஒன்றல்ல, பல. பரீட்சையில் விடை எழுதும்போதும் ஒரு காரணத்தை மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம்.

(அ) சலிப்பு

இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் கோல்டன் என்ற அறிஞர் 1885 ஆம் ஆண்டில் "நேச்சர்" என்னும் விஞ்ஞான இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். நீண்ட, சுவையற்ற கூட்டமொன்றில் இருந்தபோது, சபையில் உள்ளவர்கள் எத்தனை முறை அசைகிறார்கள் என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். பேச்சு சுவையாக இருக்கும்போது அசைவுகள் குறைந்து சபை நிமிர்ந்து இருந்தது. சலிப்பு ஏற்பட்டதும் அசைவுகள் கூடின, தலைகள் அங்குமிங்கும் சாய்ந்தன. ஆகவே வகுப்பே நெளிகிறது என்றால் ஆசிரியர் தமது பாடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

(ஆ) கவனத்தைத் தக்கவைக்கும் முயற்சி

இது சற்று வியப்பானது. பிரித்தானிய உளவியலாளர் ஜாக்கி அன்ட்ரேட் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 40 பேர் பங்குபற்றினர். சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றை எல்லோரும் கேட்டனர். அரைவாசிப் பேர் கேட்கும்போதே தாளில் இருந்த சிறு வடிவங்களை நிழற்றிக் கொண்டிருந்தனர். மற்றவர்கள் அவ்வாறு செய்யவில்லை. பின்னர் எதிர்பாராத விதமாக நினைவைச் சோதித்தபோது, நிழற்றியவர்கள் 29 சதவீதம் கூடுதலான விடயங்களை நினைவில் வைத்திருந்தனர். சிறு கைவேலை, மனம் பகற்கனவில் அலைந்து போகாமல் தடுத்திருக்கலாம் என்பது ஆய்வாளரின் விளக்கம்.

கவனிக்குக: இது கேட்கும் வேலைக்கே பொருந்தும். கண்ணாலும் கையாலும் செய்ய வேண்டிய வேலையின்போது, உதாரணமாகக் கேத்திரகணித வரைதலின்போது, வேறு படம் கீறுவது இடைஞ்சலாகும்.

(இ) உடலின் தேவை

நெடுநேரம் அசையாதிருப்பது உடலுக்கு இயல்பானதன்று. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 11 இளைஞர்கள் மூன்று மணித்தியாலம் கதிரையில் இருந்தனர். ஒரு காலை ஒரு நிமிடம் ஆட்டி, நான்கு நிமிடம் ஓய்வாக வைத்தனர். மற்றக் காலை அசைக்கவே இல்லை. அசையாத காலில் குருதிக் கலன்களின் செயற்பாடு குறைந்தது. ஆட்டிய காலில் அவ்வாறு குறையவில்லை.

அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் லெவைனும் அவரது குழுவினரும் 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் குறிப்பிடத்தக்கது. 16 பேருக்கு எட்டு வாரங்கள் நாள்தோறும் 1000 கிலோ கலோரி கூடுதலாக உணவு கொடுக்கப்பட்டது. சிலரிடம் கொழுப்பு மிகக் குறைவாகவும் சிலரிடம் நான்கு கிலோகிராமுக்கு மேலாகவும் சேர்ந்தது. உடற்பயிற்சி அல்லாத அன்றாட அசைவுகள் யாரிடம் கூடினவோ, அவரிடம் கொழுப்பு குறைவாகவே சேர்ந்தது. இருக்கும் இடத்தில் நெளிவதும் எழுவதும் நடப்பதும் இந்த அன்றாட அசைவுகளில் அடங்கும்.

(ஈ) பதகளிப்பு

வரப்போகும் ஒன்றைப் பற்றிய இனம்புரியாத பயமே பதகளிப்பு. பரீட்சைப் பெறுபேறு, வீட்டுப் பிரச்சினை, கடன், தனிமை என எதுவும் இதற்குக் காரணமாகலாம். உடலில் நிகழ்வது பகுதி 2 இல் கூறியதுதான். சிறு அசைவுகள் சிலருக்குத் தற்காலிக ஆறுதலைத் தருகின்றன. அழும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுப்பதுபோல, நாம் நம்மையே தட்டிக் கொள்கிறோம்.

(உ) பழக்கம்

"ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது" என்பது பழமொழி. பதகளிப்பினால் தொடங்கிய நகம் கடித்தல், அந்தப் பதகளிப்பு நீங்கிய பின்னரும் பழக்கமாகத் தொடரலாம். இந்நிலையில் அந்த அசைவு எதையும் உணர்த்துவதில்லை. அது வெறும் பழக்கமே.

(ஊ) உணவும் நித்திரையும்

• பரீட்சைக் காலத்தில் இரவிரவாகப் பிளேன்ரி குடிப்பவர்கள் உண்டு. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கபேன் நரம்புத் தொகுதியைத் தூண்டிக் கை நடுக்கத்தையும் படபடப்பையும் ஏற்படுத்தும்.
• நித்திரை குறைந்தால் கவனம் குறையும், எரிச்சலும் அமைதியின்மையும் கூடும்.
• இரும்புச்சத்துக் குறைபாடு உள்ள சிலருக்கு மாலையிலும் இரவிலும் காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற தாங்க முடியாத உணர்வு ஏற்படும். கால்கள் ஊர்வது போலவும் உளைவது போலவும் இருக்கும். எழுந்து நடந்தால் குறையும். சுவீடன் நாட்டு வைத்தியர் கார்ல் எக்பொம் 1945 ஆம் ஆண்டில் இந்நோயை விரிவாக விளக்கினார். இரும்புச்சத்துக் குறைபாடு இல்லாதவர்களுக்கும் இது வரலாம்.

முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு, மீன், ஈரல் என்பன இரும்புச்சத்துள்ள உணவுகள். இவற்றுடன் தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யாப்பழம் போன்ற உயிர்ச்சத்து சி உள்ளவற்றைச் சேர்த்தால் இரும்பு நன்கு அகத்துறிஞ்சப்படும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அந்த அகத்துறிஞ்சல் குறையும்.

(எ) நோய் நிலைகள்

• தைரொட்சின் மிகையாகச் சுரத்தல்: கை நடுக்கம், உடல் மெலிதல், அதிக வியர்வை, படபடப்பு என்பன சேர்ந்து காணப்படும்.
• அவதானக் குறைவு – மிகை இயக்கக் குறைபாடு: இது 12 வயதுக்கு முன்னரே தொடங்கும். பாடசாலையில் மட்டுமன்றி வீட்டிலும், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், குறைந்தது ஆறு மாத காலம் காணப்படும். வைத்தியரே இதை நிர்ணயிக்க வேண்டும். துருதுருப்பான பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் பெயரைச் சூட்டக்கூடாது.
• சில மருந்துகளின் பக்கவிளைவு: குறிப்பாகச் சில உளநோய் மருந்துகள் ஓரிடத்தில் இருக்கவோ நிற்கவோ முடியாத அந்தரத்தை ஏற்படுத்தலாம். மருந்தைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

4. மற்றவரின் அசைவை வாசிக்கலாமா?

உள்ளத்தின் நிலை உடலில் தெரியும் என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலே உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எண்வகை மெய்ப்பாடுகளை அது கூறுகிறது. காதல் கொண்ட தலைவியின் மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்தில் கூந்தலை விரித்தல், காதணி ஒன்றைக் கழலவிடுதல், அணிகளைத் தடவுதல், உடையைக் குலைத்து மீண்டும் உடுத்தல் போன்றவற்றையும் குறிப்பிடுகிறது. நாம் இன்று பேசும் சிறு அசைவுகளே இவை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த அசைவுகள் காதலைக் காட்டுவன என்பதை நாம் எப்படி அறிகிறோம்? தலைவி யார், எங்கே நிற்கிறாள், யாரைக் கண்டாள் என்ற சூழல் நமக்குத் தெரிந்திருப்பதால் அறிகிறோம். சூழலை நீக்கிவிட்டுப் பார்த்தால் கூந்தலை விரித்தல் வெறும் புழுக்கமாகவும் இருக்கலாம். அசைவு, உள்ளே ஏதோ உண்டு எனக் காட்டலாம். அது என்ன என்பதை அசைவு மட்டும் சொல்லாது.

இதை மறந்தால் அநியாயம் நிகழும். வகுப்பொன்றில் காசு காணாமற் போனதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் எல்லோரையும் எழுப்பி விசாரிக்கிறார். ஒரு மாணவன் கண்ணைத் தாழ்த்துகிறான், சட்டையின் நுனியைத் திருகுகிறான், குரல் தடுமாறுகிறது. "இவன்தான் எடுத்திருப்பான்" என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள்.

58 நாடுகளில் நடத்தப்பட்டு 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்பதே உலகெங்கும் மிகப் பரவலான நம்பிக்கை எனக் கண்டது. பொய் சொல்பவர் நெளிவார், உடலைச் சொறிவார் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. ஆனால் உளவியலாளர் பெல்லா டிபோலோவும் குழுவினரும் 2003 ஆம் ஆண்டில் அதுவரை நடந்த ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கண்ணைத் தவிர்ப்பதோ நெளிவதோ பொய்யைக் காட்டும் நம்பகமான அடையாளங்கள் அல்ல என்றே தெரிய வந்தது.

காரணம் எளிது. குற்றம் செய்தவருக்கும் பயம் வரும். குற்றம் செய்யாமலே சந்தேகிக்கப்படுபவருக்கும் பயம் வரும். இரண்டு பயத்துக்கும் சுரப்பது அதே அதிரினலின்தான். மேலும், நம் சமூகத்தில் பெரியவர் பேசும்போது கண்ணைத் தாழ்த்துவது பணிவு. ஏற்கனவே அடி வாங்கிப் பழகிய பிள்ளை, குற்றமற்றவனாக இருந்தாலும் மற்றவர்களை விட அதிகமாக நடுங்குவான். எனவே நடுக்கத்தைச் சாட்சியாக எடுத்தால், அதிகம் துன்பப்பட்ட பிள்ளைதான் முதலில் குற்றவாளியாவான்.

5. எமது மண்ணின் அனுபவம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வாழும் எமக்கு இப்பாடம் வெறும் புத்தகப் பாடம் அன்று. முல்லைத்தீவுக் கரை 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலையால் அழிந்தது. போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. அதன் பின் வன்னி மக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் தங்க வைக்கப்பட்டனர். அம்முகாம்கள் 2012 ஆம் ஆண்டில் மூடப்பட்டன.

இத்தகைய அனுபவங்களின் பின் ஏற்படும் உளக் காயத்தை "மனவடு" என்பர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் எமது மக்களின் மனவடு பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியவர். வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றிய அவரது ஆய்வு 2010 இல் வெளியானது. தனி மனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்படுகின்றன என்பது அவர் வலியுறுத்திய கருத்து. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009 ஆம் ஆண்டில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான வேறோர் ஆய்வில், பங்குபற்றியோரில் 32.6 சதவீதத்தினரிடம் பதகளிப்பு அறிகுறிகள் காணப்பட்டன. அப்போது இடம்பெயர்ந்து இருந்தவர்களிடம் அது இதனிலும் அதிகமாகும்.

மனவடு உள்ளவரின் உடல், ஆபத்து முடிந்த பின்னரும் காவலிலேயே நிற்கிறது. அதன் அறிகுறிகள் சில:

• சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல்
• எப்போதும் எச்சரிக்கையாகச் சுற்றிலும் பார்த்தல்
• நித்திரையின்மை, பயங்கரக் கனவுகள்
• ஓரிடத்தில் நிம்மதியாக இருக்க முடியாமை
• எளிதில் கோபப்படுதல்

மாணவர்களே, உங்களில் பெரும்பாலானோர் 2009 ஐ நேரில் அறியாதவர்கள். ஆனால் உங்கள் அப்பாவோ அம்மாவோ மாமாவோ அதை அறிவர். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தும்போது அப்பா ஏன் எழுந்து வெளியே போகிறார்? வானத்தில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் அம்மாவின் கை ஏன் சேலைத் தலைப்பை இறுகப் பிடிக்கிறது? அம்மம்மா ஏன் இரவில் பலமுறை எழுந்து கதவுப் பூட்டைத் தொட்டுப் பார்க்கிறார்? இவற்றுள் சில வெறும் பழக்கமாக இருக்கலாம், சில காயத்தின் அடையாளமாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து நாம் முடிவு செய்ய முடியாது. ஆனால் "ஏன் இப்படிப் பயந்து சாகிறீர்கள்?" என்று சிரிக்காமல் இருக்க முடியும். பக்கத்தில் போய் இருக்க முடியும். அவர் சொல்ல விரும்பினால் கேட்க முடியும். சொல்ல விரும்பாவிட்டால் துருவித் துருவிக் கேட்காமல் விடவும் முடியும்.

பெற்றோரின் பதகளிப்பைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கும் அது வருவதுண்டு. அவ்வாறு உங்களுக்கு வந்திருந்தால் அதில் உங்கள் குற்றமும் இல்லை, உங்கள் பெற்றோரின் குற்றமும் இல்லை. அது குறைக்கக்கூடியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. பரீட்சை மண்டபத்தில் செய்ய வேண்டியவை

முதலில் ஓர் ஆறுதல். பதட்டம் அறவே இல்லாதிருப்பது நல்லதன்று. யேர்க்ஸ், டொட்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1908 ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து, தூண்டல் மிகக் குறைந்தாலும் மிகக் கூடினாலும் கடினமான வேலையைக் கற்பது பாதிக்கப்படும், நடுத்தர அளவே உகந்தது என்ற கருத்து வளர்ந்தது. ஆகவே பதட்டத்தை ஒழிப்பது அல்ல, அளவுக்குக் கொண்டு வருவதே எமது நோக்கம்.

பயிற்சி 1: மூச்சு
வினாத்தாள் கிடைத்ததும் பேனையைக் கீழே வையுங்கள். மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்து முறை செய்யுங்கள். ஒரு நிமிடம்தான் செல்லும்.

பயிற்சி 2: தசையை இறுக்கித் தளர்த்தல்
அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சன் உருவாக்கி 1929 இல் நூலாக வெளியிட்ட முறை இது. மேசையின் கீழ் இரு பாதங்களையும் நிலத்தில் அழுத்துங்கள். ஐந்து எண்ணும் வரை கால் தசைகளை இறுக்கி, பின் சட்டென விடுங்கள். அடுத்துக் கை முட்டியை இறுக்கி விடுங்கள். பிறகு தோள்களை உயர்த்தித் தளர்த்துங்கள்.

பயிற்சி 3: நாமம் சொல்லுதல்
செபமாலை உருட்டுதல், ஓம் என்றோ இறை நாமத்தையோ மெதுவாக உச்சரித்தல், திக்ர் செய்தல் என எமது ஊர்களில் வழங்கும் முறைகளும் மனதைச் சாந்தப்படுத்தவல்லவை. பேராசிரியர் தயா சோமசுந்தரமும் இத்தகைய பண்பாட்டுச் சாந்த வழிமுறைகளைச் சிகிச்சையில் பயன்படுத்தியவர். உங்கள் வீட்டில் பழகிய முறையையே மனதுக்குள் செய்யலாம்.

பயிற்சி 4: அசைவை மாற்றுதல்
பேனையால் மேசையில் தட்டுவதும் வாங்கு அதிரக் காலாட்டுவதும் பக்கத்து மாணவரின் கவனத்தைக் குலைக்கும். அவரும் உங்களைப் போலப் பரீட்சை எழுத வந்தவரே. எனவே சத்தமில்லாத அசைவுக்கு மாறுங்கள். சப்பாத்துக்குள் கால் விரல்களை மடக்கி நீட்டலாம், பெருவிரலால் சுட்டுவிரலை மெல்ல அழுத்தலாம்.

இப்பயிற்சிகளைப் பரீட்சை அன்றுதான் முதன்முதலாகச் செய்யக் கூடாது. இன்றே தொடங்கி, நாள்தோறும் நித்திரைக்கு முன் ஐந்து நிமிடம் பழகுங்கள். பழகியதுதான் பதட்டத்தில் கைகொடுக்கும்.

7. உதவி நாட வேண்டிய நிலைகள்

பின்வருவனவற்றில் எதுவும் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

• நித்திரையோ பசியோ குறைந்து படிக்க முடியாதிருத்தல்
• நகத்தை இரத்தம் வரக் கடித்தல், தலைமயிரைப் பிடுங்குதல்
• காரணமின்றி நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம்
• பாடசாலைக்குச் செல்லவே பயப்படுதல்

வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே சொல்லுங்கள். பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடமோ மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலோ பேசலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பது வெட்கம் அல்ல, இதுவும் அப்படியே.

8. ஞாபகத்தில் வைத்திருக்க

1. சிறு அசைவுகள் இயல்பானவை. சலிப்பு, கவன முயற்சி, உடலின் தேவை, பதகளிப்பு, பழக்கம், உணவும் நித்திரையும், நோய் என்பன அவற்றின் காரணங்கள்.
2. ஒரே அசைவுக்குப் பல பொருள் இருக்கலாம். சூழலை அறியாமல் பொருள் கூறக்கூடாது.
3. நெளிவது பொய்யின் அடையாளம் அன்று.
4. மூச்சை மெதுவாக வெளிவிடுதல் பரபரிவு நரம்புகளைத் தூண்டும்.
5. அன்றாட வாழ்வைக் குழப்பும் அசைவுக்கு உதவி நாட வேண்டும்.

9. பயிற்சி வினாக்கள்

பகுதி I – மிகச் சரியான விடையைத் தெரிவு செய்க.

1. பயத்தின்போது இதயத் துடிப்பை அதிகரிக்கச் செய்யும் ஓமோன்
(1) இன்சுலின் (2) அதிரினலின் (3) ஈஸ்திரசன் (4) வளர்ச்சி ஓமோன்

2. இரும்பின் அகத்துறிஞ்சலைக் குறைப்பது
(1) தேசிச்சாறு (2) நெல்லிக்காய் (3) உணவுடன் தேநீர் (4) கொய்யாப்பழம்

3. நித்திரைக்குச் செல்லும்போது கால் உளைந்து, நடந்தால் மட்டும் குறையும் ஒருவர் முதலில் செய்ய வேண்டியது
(1) காலைக் கட்டி வைத்தல் (2) கூடுதலாகக் கோப்பி குடித்தல் (3) வைத்தியரைச் சந்தித்தல் (4) பொருட்படுத்தாது விடுதல்

விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (3)

பகுதி II – அமைப்புக் கட்டுரை

தரம் 11 மாணவி ஒருத்தி அண்மைக்காலமாக வகுப்பில் இருப்புக் கொள்ளாமல் நெளிகிறாள், நகம் கடிக்கிறாள், கதவு சாத்தும் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறாள். "அவள் ஏதோ ஒளிக்கிறாள்" எனச் சக மாணவிகள் பேசிக்கொள்கின்றனர்.

(i) அவளது அசைவுகளுக்குக் காரணமாகக்கூடிய இரண்டைக் குறிப்பிடுக. (புள்ளிகள் 02)
(ii) சக மாணவிகளின் முடிவு ஏன் தவறானது? (புள்ளிகள் 03)
(iii) அவளது தோழியாக நீர் செய்யக்கூடிய மூன்று செயல்களை எழுதுக. (புள்ளிகள் 03)
(iv) அவள் தானே செய்யக்கூடிய சாந்த வழிமுறை ஒன்றைப் படிமுறையாக விளக்குக. (புள்ளிகள் 02)

விடைக் குறிப்பு

(i) பதகளிப்பு, மனவடு, நித்திரையின்மை, வேறு உடல் நோய் என்பவற்றுள் இரண்டு.

(ii) ஒரே அசைவு பல காரணங்களால் ஏற்படலாம். குற்றமற்றவரும் பயத்தால் நடுங்குவர். நெளிதல் ஒளிப்பதையோ பொய்யையோ காட்டும் நம்பகமான அடையாளம் அல்ல என ஆய்வுகள் காட்டுகின்றன.

(iii) தனியாக அழைத்து அன்பாக விசாரித்தல். அவள் சொல்வதை இடைமறிக்காது கேட்டு, மற்றவர்களிடம் பரப்பாதிருத்தல். அவளுடன் கூடவே சென்று ஆலோசனை ஆசிரியரைச் சந்திக்க உதவுதல். அவளுக்கு ஆபத்து உண்டு எனத் தோன்றினால் மட்டும், இரகசியம் எனக் கருதாது பொறுப்பான பெரியவர் ஒருவருக்கு அறிவித்தல் வேண்டும்.

(iv) பகுதி 6 இன் பயிற்சி 1 அல்லது 2 ஐ ஒழுங்குமுறையாக எழுதுக.

ஆசிரியரின் குறிப்பு: (iii) ஆம் வினாவுக்குப் பலரும் "ஆறுதல் கூறுவேன்" என ஒரு சொல்லில் எழுதிவிடுகின்றனர். அதற்கு முழுப் புள்ளி கிடைக்காது. எங்கே, எப்படி, என்ன சொல்லி என்பதை எழுதுங்கள். அத்தகைய மாணவி ஒருத்தி உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும். எழுதிய விடையை அவளிடம் செய்தும் பாருங்கள்.